தள்ளுகிறவன் முகம்

"ரெண்டு புள்ளைங்க இருக்கிற வூட்ல, தகப்பன்காரன் யார் கையைப் புடிச்சிக்கினு நடக்கிறான்னுதான் ஊரே பார்த்துக்கினு இருக்கும், ஆனா அவன் இன்னா பண்ணுவான்னா..." என்று தகப்பனாரின் அண்ணன் பெரியநைனா சொன்னார், அம்மாவின் கருமாதிப் பந்தியில், பாயச டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. அவன் என்ன பண்ணுவான்? மீதிப் பாதி ஒன்று இருந்தது, முக்கியமானதே அதுதான், அதற்குள் யாரோ ரசம் கேட்டார்கள், வாளியோடு நான் நகர்ந்தேன், போய்விட்டது. பெரியநைனாவும் போய்விட்டார், இனி யாரைக் கேட்பது. நாலு வருஷம் கழித்து, பாரிஸில், நதிக்கரை மியூசியத்தின் முற்றத்தில், உலகத்து ஜனமெல்லாம் வளைந்து வளைந்து நிற்கிற வரிசையின் நடுவில் அது ஏன் வந்து தொலைக்க வேண்டும் என்றால், நைனா ஒரு கையை என் முழங்கையிலும் மறு கையை என் தம்பி வளவனின் தோளிலும் வைத்து நின்றுகொண்டிருந்தார், இரண்டில் எதில் அதிகம் சாய்கிறார் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். தோளில்தான். தோள் உயரம் வாகு, முழங்கை வாகு இல்லை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன், உடனே என் தோளும் அதே உயரம்தானே என்று பட்டது. நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் தன் தோளையும் தம்பியின் தோளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏங்க, மூஞ்சி ஏன் புளிச்ச மாவு மாதிரி இருக்கு?" என்றாள் அரசி. மனைவிக்கு இது எப்படித்தான் தெரியுமோ. "வெயில்" என்றேன். "எங்க இருக்குது வெயிலு?" என்றாள், தன் மேல்கோட்டைக் கழற்றி என் கையில் போட்டாள், நைனாவுடையதும் என்னுடையதும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன, கோட்டு மாட்டுகிற ஆணி மாதிரி நின்றேன்.

வளவன் திடீரென்று காணாமல் போனான், அவனுக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம், திருவிழாவில் காணாமல் போய்ப் பஞ்சுமிட்டாயோடு வருவான், திட்டு எனக்கு விழும், மிட்டாய் எல்லாருக்கும் கிடைக்கும். இந்தத் தடவை ஒரு சக்கர நாற்காலியோடு வந்தான். மியூசியத்திலேயே இரவல் தருகிறார்கள், அடையாள அட்டையை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். "நைனா, ஒக்காருங்க" என்றான். "எனக்கெதுக்குடா இது, நான்தான் நல்லா நடக்கிறனே" என்றார் நைனா, என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அந்த ஒரு பார்வை என் கணக்கில் ஏறியது. "ஒக்காந்தா லைன் கிடையாது நைனா, நேரா உள்ள. இங்க சேர்ல வர்றவங்கதான் விஐபி." "அப்படியா" என்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரமாக. அந்த வேகம்தான் என்னைக் குத்தியது, உட்கார்ந்ததுகூட இல்லை. சென்னை விமான நிலையத்தில் நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலை இது, வீட்டில் ஓடியாடி நாலு பேருக்குச் சமைக்கிற அத்தைமார்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வரிசையைத் தாண்டிப் போவார்கள், அந்தப் பக்கம் இறங்கியதும் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேரன் கிட்டே ஓடுவார்கள், அதைப் பார்த்து அரசியிடம் சிரித்தவன் நான், வேண்டாம், எங்கள் நைனா நடப்பார் என்று கவுன்டரில் இருந்த பெண்ணிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். நடந்தார். மெதுவாக, நிமிர்ந்து, கேட் வரைக்கும் நடந்தார். ஒவ்வோர் அடியும் என்னுடையது, நான் வளர்த்தது. "அவர் நடப்பாரே" என்றேன் வளவனிடம். "நடப்பாருண்ணே, யாரு இல்லேன்னா? நாள் பூரா இருக்குதில்ல" என்றான், பிரேக்கை விடுவித்தான், தள்ளினான். அவன் மகள் லேயா குதித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். பன்னிரண்டு வயது, தமிழில் ஆரம்பித்துப் பிரெஞ்சில் முடிப்பாள். "தாத்தா இஸ் த கிங்" என்றாள், அது இரண்டிலும் சேராத மூன்றாவது.

நைனா இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது இந்தத் தம்பி எங்கே இருந்தான்? இங்கே இருந்தான், வேறெங்கே இருப்பான், பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். தினம் வீடியோவில் வருவான், "நைனா எப்படி இருக்கீங்க" என்பான், அப்போதுதான் நான் கொட்டிவிட்டு வந்த மூத்திரப் பாத்திரம் படத்தில் தெரியாதபடி போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பேன். படுக்கையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து நடைவண்டி, நடைவண்டியிலிருந்து தடி, தடியிலிருந்து என் முழங்கை. டாக்டர் நடக்க வையுங்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னார், அதை நான் ஒரு மதமாக எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலையில் தொடங்குவோம், முதலில் ஒரு பெஞ்சு, அப்புறம் இரண்டு, இன்றைக்கு இன்னும் ஒன்று நைனா, அந்தச் சுண்டல்காரர் வரைக்கும் நைனா, இன்னும் கொஞ்சம் நைனா. தெரிந்தவர்கள் எதிரே வருவார்கள், "புள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்பார்கள், நைனாவிடம்தான் சொல்வார்கள், ஆனால் என் காதுக்காகச் சொல்வார்கள், நான் கடலைப் பார்ப்பேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரை விட்டுத்தான் போனேன், இதே பாரிஸை, பதினாறு வருஷம் வாழ்ந்த ஊரை, வயதான தகப்பனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனேன். வளவனை இங்கே கொண்டுவந்ததே நான். அவனுக்கு முதல் வார்த்தை சொல்லிக்கொடுத்தது நான், பார்தோன், பார்தோன் என்று சொல்லு, யாரை இடித்தாலும் சொல்லு என்று. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், முத்தியால்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் தமிழும் பிரெஞ்சும் சேர்த்துப் படித்து இரண்டிலும் முதல் மார்க் வாங்கியவன் நான், அவன் இரண்டிலும் பாஸ் மார்க். இன்றைக்கு நான் விட்டுப்போன வீட்டில் அவன் இருக்கிறான், ஜன்னல் திரைகூட நான் வாங்கியது, ராத்திரி அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் சோபாவில் விருந்தாளியாகப் படுக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நைனா அவன் பஸ்ஸில் போனார். இதை நான் நினைக்கக் கூடாது, ஆனால் நாக்கு பல் ஓட்டைக்குப் போகிற மாதிரி மனது அங்கேதான் போகிறது. நைனா முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர், கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுநர்களை விரட்டுவதே வேலை, அவர் பெற்ற பிள்ளை பாரிஸில் பஸ் ஓட்டுகிறான், அவ்வளவு நீளமான பஸ், நடுவில் மடங்குகிற பஸ். அவன் முதுகுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை, திரும்பவும் முதல் நிறுத்தம் வரை. வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு, சந்தோஷத்தில். "ஒரு நிமிஷம் லேட்டு இல்லம்மா, ஒரு நிமிஷம்" என்று அரசியிடம் மூன்று தடவை சொன்னார். நான் இங்கே என்ன வேலை செய்தேன் என்று நைனாவுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. மெஷின்களோடு வருகிற விளக்கப் புத்தகங்களை மொழிபெயர்த்தேன், துணி துவைக்கிற மெஷினின் மூடியை எப்படித் திறப்பது என்பதை, அதன் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு தகப்பன் போக முடியாது.

உள்ளே போனோம், நிஜமாகவே வரிசை இல்லை, ஒரு சிப்பந்தி சாவியோடு வந்து தனி லிஃப்டைத் திறந்துவிட்டார், நைனா அவருக்குக் கும்பிடு போட்டார், அவர் பதிலுக்குத் தலையைக் குனிந்தார், ராஜாவும் மந்திரியும் மாதிரி. மேலே நீளமான கூடம், முடிவே இல்லாத கூடம், சுவரெல்லாம் தங்கச் சட்டங்கள், மரத்தரை சக்கரத்துக்கடியில் கிறீச்சிட்டது. மனித நெடி, ஈரக் கம்பளி நெடி, யாரோ ஆரஞ்சு உரித்த வாசனை. வளவன் தள்ளிக்கொண்டே விளக்கம் சொல்ல ஆரம்பித்தான், எல்லாம் தப்பு. உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கிற ஓர் ஆளைக் காட்டி, "இவரு ஏதோ ராஜா நைனா, சண்டையில மாட்டிக்கினாரு, பாவம், சட்டையக்கூட போட வுடல" என்றான். நைனா விழுந்து விழுந்து சிரித்தார். "சட்டை இல்லாம சண்டைக்குப் போனா அப்படித்தான்டா ஆவும்." நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இரு என்று எனக்கு நானே சொன்னதும் கேட்டது. "ராஜா இல்ல நைனா, அவர் ஒரு சோல்ஜர், தன் மதத்தை விடமாட்டேன்னு சொன்னதால அவர் ஆளுங்களே கட்டிவச்சு அம்பு விட்டாங்க, ஆனா அதுல அவர் சாகல, பிழைச்சு எழுந்து திரும்ப ராஜா முன்னாடி போய் நின்னார்" என்றேன், மூச்சு விடாமல், பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி. "அப்படியா" என்றார் நைனா, மரியாதையாக, பேங்க் மேனேஜரிடம் சொல்வதுபோல. அப்புறம் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, "சின்னவனே, அந்தக் குதிரை யாரோடது?" என்றார். குதிரைக்கும் வளவனிடம் ஒரு கதை இருந்தது. அரசி என் கையில் தொங்கிய கோட்டை இழுத்தாள். "வுடுங்களேன். அவருக்குப் படம் வேணாம், பேச்சுதான் வேணும்." "நான் பேசலியா?" "நீங்க பாடம் எடுக்கறீங்க." "பொறாமைன்னு சொல்றியா?" "நான் சொல்லல. நீங்களே சொல்லிக்கினீங்க" என்று லேயாவோடு முன்னால் போய்விட்டாள்.

காலையில் சமையலறையில் வளவன் ஒன்றை ஆரம்பித்தான், அது மட்டும்தான் இன்றைக்கெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது, இந்தப் படங்களெல்லாம் அதன்மேல் ஒட்டப்படுகிற போஸ்டர்கள். காபி கலக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நைனா இங்கயே இருக்கட்டும்ணே. பேப்பர் எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன், கிடைச்சிடும். நீயும் அண்ணியும் எத்தினி நாளுதான் கட்டிக்கினு கெடப்பீங்க? இங்க ஆஸ்பத்திரி நல்லாருக்கு" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான், அதுதான் தாங்க முடியவில்லை, கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வியாழக்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் திரும்புகிற டிக்கெட், நைனாவுடையதை மட்டும் மாற்றுவதென்றால் இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்றான். "நைனாகிட்ட கேட்டியா?" என்றேன். கேட்டானாம். "பெரியவன் சொல்றதுதான்" என்றாராம். பெரியவன் நான். என்மேல் போட்டுவிட்டார், டைம் கீப்பர் கூண்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டார். வேண்டாம் என்று நான் சொன்னால் அது எதனால்? நைனாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதாலா, பேச்சுத்துணை இருக்காது என்பதாலா, இல்லை சாயங்காலம் ஆறு மணிக்குக் காந்தி சிலையருகே நான் தனியாக நிற்க வேண்டுமே என்பதாலா. சரி என்று சொன்னால் அது மட்டும் நல்லதா? நீ பார், ராத்திரி அவர் எத்தனை தடவை எழுப்புவார் என்று நீயும் பார், வீடியோவில் இல்லாமல் நேரில் பார் என்கிற ஒரு கறுப்புச் சந்தோஷம் அதற்கடியில் கிடந்தது, எனக்குத் தெரியாமல் இல்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே அதே ஆள் உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் திடீரென்று கெட்டியானது, எல்லாரும் பார்க்க வருகிற அந்தப் பெண்ணின் படம் இருக்கிற அறை. ஆயிரம் கைகள், கைக்கொரு போன். அறை பெரியது, படம் சின்னது, வீட்டுக் காலண்டர் அளவு, தனிச் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால், முன்னே மரத்தடுப்பு. நாற்காலியைப் பார்த்ததும் ஜனம் தானாக வழிவிட்டது, வளவன் "பார்தோன், பார்தோன்" என்று சொல்லிக்கொண்டே போனான், என் வார்த்தை, நான் கொடுத்தது. தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற காவல் பெண்மணி கயிற்றை அவிழ்த்தாள், நாற்காலிக்காரர் உள்ளே வரலாம், படத்துக்குப் பக்கத்திலேயே போகலாம், துணைக்கு ஒருவர் மட்டும் என்றாள். ஒருவர் மட்டும். அதை வளவனுக்கு முன்னால் நான் புரிந்துகொண்டேன், அவன் பிரெஞ்சைவிட என் பிரெஞ்சு வேகம், அந்த அரை நொடி எனக்கிருந்தது, நான் போகிறேன் என்று சொல்ல அது போதும். நைனா தலையைத் திருப்பவில்லை, கழுத்து திரும்பாது அவருக்கு, முன்னாலேயே பார்த்துக்கொண்டு கையை மட்டும் உயர்த்தி, போகலாம் என்று கூண்டிலிருந்து பஸ்ஸை அனுப்புகிற மாதிரி விரலை ஆட்டினார். நாற்காலி நகர்ந்தது. கைப்பிடியில் யார் கை இருந்ததோ அவன் போனான். கயிறு என் தொப்பைக்கு நேராகத் திரும்ப மாட்டப்பட்டது. உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த முகத்துக்கு எதிரே நின்று நான் இரண்டு முதுகுகளைப் பார்த்தேன். ஒன்று குனிந்தது, இன்னொன்று ஏதோ சொன்னது, இரண்டும் குலுங்கின. என்ன சொன்னார்? என்னிடம் ஜோக் அடித்ததுண்டா, இந்த மூன்று வருஷத்தில்? மாத்திரை போட்டாச்சா என்பேன், போட்டாச்சு என்பார். வெளிக்குப் போச்சா, போச்சு. என் முதுகில் ஒரு ஜப்பானியப் பெண்ணின் பை இடித்தது, அவள் மன்னிப்புக் கேட்டாள். அம்மா சாகக் கிடந்தபோதும் இவன் பேரைத்தான் சொன்னாளோ, இல்லை, அம்மா யார் பேரையும் சொல்லவில்லை, தண்ணீர்தான் கேட்டாள், எதற்கு இப்படி இல்லாததையெல்லாம் இழுத்துவருகிறேன். வெளியே வந்ததும் நைனா சொன்னார், "அந்தம்மாவுக்குப் புருவமே இல்லடா பெரியவனே." எனக்காக ஒன்று எடுத்துவைத்திருந்தார். பந்தி முடிந்ததும் வாசலில் நிற்பவனுக்குக் கொடுப்பதுபோல் இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

திரும்பி அதே நீளக் கூடம். அரசியும் லேயாவும் ஏதோ ஒரு தட்டுப் பழத்தின் படத்தருகே பின்தங்கிவிட்டார்கள். நைனா வளவனிடம் டெப்போ சங்கதி ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார், நடுவில் வளவனின் போன் துடித்தது, பார்த்தான், டியூட்டி மாற்றுகிற சமாச்சாரம் போல, வாயைத் திறக்காமல் என்னிடம் கண்ணைக் காட்டினான், கைப்பிடியை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலோரம் ஒதுங்கினான். கோட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு பிடித்தேன். பிடியின் ரப்பர் அவன் கைச்சூட்டோடு இருந்தது. இன்றைக்கு முதல்முறையாகத் தள்ளினேன். எவ்வளவு லேசாக இருந்தார். மண்டையின் பின்பக்கத்தில் முடி மெலிந்து, குழந்தைக்கு இருக்கிற மாதிரி ஒரு சுழி, எதிரே இருந்து பார்த்தே பழகிய முகத்துக்குப் பின்னால் இப்படி ஒன்று இருந்ததே தெரியாது எனக்கு. "சின்னவனே" என்றார். நான் பெரியவன் நைனா என்று சொல்ல வாய் திறந்தேன். "இந்த வண்டி சொகமா இருக்குடா. இன்னைக்குத்தான் இடுப்பு சும்மா இருக்குது. அண்ணங்கிட்ட சொல்லிக்கினு இருக்காத." எங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்று, போனில் அம்மாகூடக் குழம்புவாள். "ம்" என்றேன். "தெனம் சாயங்காலம் கூட்டிக்கினு போவான். நரக வேதனைடா அது. ராத்திரி தலகாணிய அண்டக் குடுத்துக்கினு படுப்பேன், வாயத் தொறக்க மாட்டேன். ஒரு பெஞ்சி கூடத் தாண்டிட்டன்னு வை, அவன் மூஞ்சில ஒண்ணு வரும் பாரு. பத்தாவதுல மொத மார்க்கு வாங்கிக்கினு வந்தானே அன்னிக்கு வந்துச்சே, அது. அதுக்கோசரம் நடக்கிறேன்." சக்கரம் ஒரு பலகை இடுக்கில் தட்டியது. தள்ளினேன். சுவரில் சிவப்பும் நீலமுமாக யார் யாரோ போனார்கள், யாரோ மேலே ஏறினார்கள், யாரோ மடியில் செத்துக் கிடந்தார்கள். "இங்க அவனுக்கு வேலை இல்லன்னு ஆனப்புறம்தான் வந்தான். எனக்காக வந்தேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினான். நானும் ஆமாம்னுட்டேன். ஆம்பளைக்கு ஏதாவது ஒரு வேலை வோணுமில்ல. இப்ப நான் இங்க ஒக்காந்துட்டா அவன் அங்க யாரை நடக்க வெப்பான், சொல்லு?" பதில் வேண்டும் அவருக்கு, கையைத் தூக்கி விரலை ஆட்டினார், சொல்லு. "அண்ணன் பார்த்து சொல்லுவாரு நைனா" என்றேன், வளவன் குரலில், அது என் குரலும்தான். "அதான். அவன் வாயால வரட்டும்" என்றார். வளவன் ஓடிவந்து பிடியை வாங்கிக்கொண்டான், நைனாவுக்கு ஒரு குலுங்கல்கூடத் தெரிந்திருக்காது. "இன்னா நைனா சொன்னீங்க?" என்றான். "ஒண்ணும் இல்ல" என்றார் நைனா.

அப்புறம் படிக்கட்டுப் பக்கம் ஒரு தலையில்லாத சிலை, பெரிய இறக்கையோடு, அதற்குக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன், மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அழவேண்டும்போல இருந்ததா என்றால் இல்லை, அதுதான் விசித்திரம், முதலில் வந்தது அது இல்லை. முதலில் வந்தது, இதை அவனிடம் சொல்ல இருந்தாரே என்பது. வலியை அவனுக்கென்று எடுத்துவைத்திருந்தார். எனக்கு நடை, அவனுக்கு வலி. எனக்கு "போட்டாச்சு, போச்சு", அவனுக்கு நிஜம். பக்கத்து அறையில் படுத்து ராத்திரி இருமினால்கூட எழுந்து ஓடிய எனக்குத் தலையணை தெரியவில்லை. என் கைக்கு வந்ததும் எனக்குரியது இல்லை, முகவரி மாறி வந்தது, பிரித்துப் படித்துவிட்டேன், இனி ஒட்டிக் கொடுக்கவும் முடியாது. இல்லையென்றால், இல்லையென்றால் அவருக்குத் தெரியுமா? இந்த நைனாதான் கூண்டுக்குள் தலை குனிந்து எழுதிக்கொண்டே, வெளியே வண்டி திரும்புகிற சத்தத்தை வைத்து இன்ன ஓட்டுநர் வந்தாச்சு என்று பேர் சொல்லுவார், கியரை மாற்றுகிற விதத்திலேயே சொல்லுவார், ஒருநாளும் தப்பியதில்லை. மூன்று வருஷம் என் முழங்கையைப் பிடித்து நடந்த மனிதருக்குப் பின்னால் மாறிய கை தெரியாதா? தெரிந்தே சொன்னாரென்றால் அது எனக்குத்தான் சொன்னது, சின்னவனே என்று கூப்பிட்டு எனக்குச் சொன்னது, என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்காக. அப்படியென்றால் நல்லது. அப்படியென்றால் ரொம்பக் கேவலம், அந்த அளவுக்கா என் முகம் அவரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறது. தெரியாமல் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். வைத்துக்கொண்டால் வளவன் ஜெயிக்கிறான். அங்கே நிற்கிறான் பார், நைனாவின் மஃப்ளரைச் சரிசெய்கிறான், தப்பாகச் சுற்றுகிறான், காது வெளியே தெரிகிறது, காதில் காற்றுப் பட்டால் ராத்திரி சளி கட்டும், எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இவ்வளவு கேட்ட பிறகும் என் மனது பிடித்துக்கொண்டு தொங்குகிற கயிறு அந்தக் காது.

நான் யாரை நடக்க வைப்பேன்? கேள்வி கேலியாக இல்லை, நிஜமான கவலையோடு கேட்டார், வேலை போன ஓட்டுநரைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. வீடு தெரிந்தது எனக்கு, மாடிப்படிக்குக் கீழே அவர் செருப்பு, வாசல் கம்பியில் காய்கிற அவர் வேட்டி, மாத்திரைப் பெட்டியில் காலை, மதியம், இரவு என்று நான் எழுதி ஒட்டிய சீட்டுகள். அதெல்லாம் இல்லாமல் காலை எழுந்து நான் யாராக இருப்பேன்? வேலை போய்விட்டதால் ஊருக்குத் திரும்பினவன் என்றிருப்பேன். அதற்கு ஒரு முகம் வேண்டும், என்னிடம் இல்லை. ஆனால் இங்கே அவருக்கு இடுப்பு சும்மா இருக்கிறது. ஒரு நாள் சும்மா இருந்தது. ஒரு நாளை வைத்து என்ன சொல்வது. உட்கார்ந்தே இருந்தால் கால் மடங்கிப்போகும், டாக்டரே சொன்னார். டாக்டர் என்ன எல்லாத்தையுமா சொன்னார், நடக்க வையுங்கள் என்று சொன்னார், வலிக்கிறதா என்று கேட்காதீர்கள் என்றா சொன்னார். நான் கேட்டதுண்டா? "வலி இல்லையே நைனா" என்று கேட்பேன். இல்லையே என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், இரண்டு மொழி படித்தவனுக்கு இதுகூடவா தெரியாது. அரசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "இன்னா ஆச்சு?" "ஒண்ணும் இல்ல" என்றேன். நைனாவின் அதே வார்த்தை, அதே தொனி, என் காதுக்கே கேட்டது. "எது சொன்னாலும் அவரை முன்னாடி வெச்சிக்கினு சொல்லாதீங்க, உங்க தம்பிகிட்ட தனியா சொல்லுங்க" என்றாள், நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று கேட்கவே இல்லை.

நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் நைனா பிடியை அழுத்தி எழுந்தார். எழும்போது அவர் உதடு உள்ளே மடங்கியது. இத்தனை நாளும் அது அங்கே இருந்திருக்கும், நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தியா, அப்படியே நிக்கிறேன்" என்றார். லேயா கை தட்டினாள். வெளியே மழை தூறி நின்றிருந்தது, முற்றத்துக் கற்களில் வானம் கிடந்தது, வரிசை இன்னும் வளைந்து வளைந்து நின்றது. அரசி நைனாவையும் லேயாவையும் அழைத்துக்கொண்டு வண்டி நிறுத்தம் நோக்கி மெதுவாக நடந்தாள், நைனா அவள் தோளை ஊன்றி ஊன்றிப் போனார், ஒவ்வோர் ஊன்றலும் என் இடுப்பில் விழுந்தது. வளவன் தன் அடையாள அட்டையைப் பர்ஸில் செருகிக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "சொல்லுண்ணே. நீ இன்னா சொன்னாலும் எனக்குச் சரி. மனசுல வெச்சிக்க மாட்டேன்." அவன் முகத்தில் அம்மாவின் கண் இருந்தது, அம்மாவின் களைப்பும். அவனிடம் நைனாவின் இடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொன்னால் அது அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன், சேர வேண்டிய இடமே அதுதானே என்று நினைத்தேன். தூரத்தில் நைனா நின்றார், மூச்சு வாங்க நின்றாரோ, எங்களுக்காக நின்றாரோ, திரும்பாத கழுத்தோடு உடம்பையே முழுதாகத் திருப்பி எங்கள் இருவரையும் பார்த்தார்.

வியாழக்கிழமை நைனா என்னோடு ஊருக்கு வருகிறார் என்று வளவனிடம் சொன்னேன்.